நடை சாத்தியிருந்த ஞாயிறு

சங்கத்து மரப்பெட்டியை இன்று காலை வெயிலில் கவிழ்த்துத் தட்டினேன். பழைய துணிகளோடு அந்த ரப்பர் வளையமும் விழுந்தது. யுத்த காலத்தில் புது ரிங் கிடைக்காமல் சைக்கிள் கடையில் கொடுத்து இரண்டு இடத்தில் ஒட்டுப் போட்டோமே, அதுதான். இறுகிப்போயிருந்தது. வெயில் பட்டதும் அதிலிருந்து அந்தப் பழைய வாசனை கிளம்பியது. சோப்புப் போட்டுக் கழுவியும் கையைவிட்டுப் போகவில்லை. மூன்றாம் வகுப்பில் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தபோது கை முகத்தருகே வந்துவிட்டது. பிள்ளைகள் பார்க்காதபடி கரும்பலகைப் பக்கம் திரும்பிக் கொஞ்ச நேரம் எதையோ அழித்துக்கொண்டிருந்தேன்.

இப்போது சாயங்காலம். நைனா வெளியே போயிருக்கிறார். நீ போய் மூன்று வருஷம் முடிந்துவிட்டது. இதுவரை உனக்கு ஒரு வரிகூட எழுதியதில்லை. ஒரே ஊரில் இருந்தவர்கள் எதற்குக் கடிதம் எழுதிக்கொள்வார்கள்?

குண்டு விழப்போகிறது என்று சென்னையிலிருந்து குடும்பம் குடும்பமாக ரயிலேறி வந்த வருஷத்தில் ஆரம்பித்தது நம் சங்கம். எங்கள் தெருவில் வாடகைக்கு வந்த வக்கீலம்மாவுக்கு இந்த ஊரின் அமைதி மூன்று மாதத்தில் அலுத்துவிட்டது. சத்திரத்தின் பின்கட்டைக் கேட்டு வாங்கி, ‘மாதர் சங்கம்’ என்று ஒரு பலகையை மாட்டினார். சென்னையிலிருந்து கொண்டுவந்த வலையையும் ரிங்கையும் முற்றத்தில் போட்டார். பதினாலு பேர் சேர்ந்தோம். நான் பத்திரிகையை உரக்கப் படிப்பேன். மற்றவர்கள் புளியை ஆய்ந்துகொண்டே கேட்பார்கள். வெயில் தாழ்ந்ததும் ரிங் ஆட்டம்.

நீ வந்த முதல் நாள் சுவரோரம் நின்றுகொண்டே இருந்தாய். அம்மையார்குப்பத்தில் தறிச் சத்தத்துக்குள் பிறந்து, அத்தை மகனையே கட்டிக்கொண்டு, கடைத்தெரு நூல் வியாபாரியின் வீட்டுக்கு வந்தவள் என்று மட்டும் தெரியும். வக்கீலம்மா ரிங்கை உன் பக்கம் எறிந்தார். நீ இடது கையால் பிடித்தாய். பிடித்த கையாலேயே திருப்பி வீசினாய். அது வலைக்கு மேல் ஒரு விரற்கடை உயரத்தில் வந்து, யாரும் எதிர்பாராத மூலையில் விழுந்தது. உடனே தப்புச் செய்தவள் போல அந்தக் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாய்.

“அத்தை பார்த்தா பீச்சாங்கைன்னு திட்டும்” என்றாய்.

“இங்க உங்க அத்தை இல்லையே, போடும்மா” என்றார் வக்கீலம்மா.

அன்றிலிருந்து உன்னை எதிர்த்து நின்று யாரும் ஜெயித்ததில்லை. ஆட்டம் முடிந்து முகம் கழுவும்போது என்னிடம், “பொறந்ததிலேருந்து இந்தக் கைக்கு ஒரு வேலையும் குடுக்கல டீச்சர். இப்பதான் குடுத்துகினு இருக்கேன்” என்று சொன்னாய். அதற்கு நான் ஏதோ புத்தகத்தில் படித்ததைச் சொன்னேன். “உனக்கு எதுக்கெடுத்தாலும் ஒரு பொஸ்தகம்” என்று சிரித்தாய். என்னைக் கேலி செய்யும் துணிச்சல் இந்த ஊரில் உனக்கு மட்டும்தான் இருந்தது. எனக்கு அது எவ்வளவு பிடித்திருந்தது என்று உன்னிடம் சொன்னதில்லை. அப்படிப்பட்டவற்றை நான் யாரிடமும் சொல்வதில்லை.

மாதத்துக்கு ஒரு ஞாயிறு எங்காவது போகலாம் என்று முடிவானபோதுதான் சிக்கல் வந்தது. பெண்கள் சேர்ந்து பொழுதைப் போக்கப் போகிறோம் என்றால் எந்த வீட்டில் விடுவார்கள்? வழி கண்டுபிடித்தவள் நீ.

“மலைக்குப் போறோம்னு சொல்லுங்க. இந்த ஊர்ல அதுக்கு யாரு வாணாம்னு சொல்லுவா? ஆனா பொய் ஆவக் கூடாது. மொதல்ல மலை ஏறிடணும். அப்பறம் எங்க வேணா போலாம்.”

அதுவே சங்கத்தின் சட்டமாகிவிட்டது. விடியும்போது படியேறுவோம். முருகனைப் பார்த்து, விபூதிப் பொட்டலம் வாங்கி, இறங்கிய கையோடு புறப்படுவோம். பக்கத்துக் கிராமமான கண்டிகையில் கடலை பிடுங்கும் நாளில் போய் வரப்பில் உட்கார்ந்து பச்சைக்கடலை தின்றோம். மலைக்குப் பின்னாலிருக்கும் சுனைகளில் கால் நனைத்தோம். வீடு திரும்பியதும் ஆளுக்கொரு பொட்டலத்தை நீட்டினால் போதும். கேள்வி இருக்காது. உன் அத்தை அந்த விபூதியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பூசிக்கொள்வார் என்று நீயே சொல்லியிருக்கிறாய்.

எனக்கு இந்த ஏற்பாடெல்லாம் தேவைப்படவில்லை. வீட்டில் நைனாவும் நானும் மட்டும். எங்கே போகிறாய் என்று அவர் கேட்டதே கிடையாது. இதை அப்போது நான் ஒரு பெருமையாக நினைத்திருந்தேன்.

அந்த ஞாயிறு மணவூருக்கு என்று வைத்திருந்தோம். நம்மில் ஒருத்தியின் தாய்வீட்டு மாந்தோப்பு அங்கே இருந்தது. அரக்கோணத்தில் இறங்கி வண்டி மாற வேண்டும், அதனால் காலை வண்டியைத் தவறவிடக் கூடாது. விடியும்முன் படிக்கட்டடியில் கூடுவதாகப் பேச்சு. நான் எழுந்து குளித்துத் தயாராகி, நேரம் இருக்கிறதே என்று முந்தின நாள் மூடிவைத்த புத்தகத்தைக் கையில் எடுத்தேன். கடைசி இருபது பக்கம்தான் பாக்கி. தலை நிமிர்ந்தபோது நன்றாக வெளுத்திருந்தது.

ஓடி வந்தேன். பத்துப் பன்னிரண்டு பேர் தூக்குகளோடு எனக்காக நின்றிருந்தீர்கள். நான் இல்லாமல் ஏற வேண்டாம் என்று தடுத்தவள் நீ. இனி ஏறி இறங்க நேரமில்லை.

“நேரா ஸ்டேஷனுக்குப் போயிடலாம்” என்றார் வக்கீலம்மா.

நீ மலையைப் பார்த்துக் கும்பிட்டாய். “முருகா, டீச்சர் பொஸ்தகம் படிச்சிகினு இருந்துட்டா. நீதான் பொறுத்துக்கணும்.” எல்லோரும் சிரித்தார்கள். போன மாதத்து விபூதி உன் சுருக்குப் பையில் மீதி இருந்தது. ரயிலில் உட்கார்ந்து, பத்திரிகைத் தாளைக் கிழித்து, ஆளுக்குக் கொஞ்சமாக மடித்துக் கொடுத்தாய்.

அன்று போல நீ ஆடி நான் பார்த்ததில்லை. இரண்டு மாமரங்களுக்கு நடுவே வலை கட்டினோம். நடவுக்குப் போகிறவளைப் போலச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாய். ஒருத்தர் மாற்றி ஒருத்தர் வந்து தோற்றோம். கடைசியில் வக்கீலம்மா மண்ணில் உட்கார்ந்து, “இவ கையை ஒரு நாள் கடனாக் குடுங்கப்பா” என்றார். புளிச்சோறும் மாவடுவும் தின்றோம். நீ மரத்தில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாய். நான் பக்கத்தில் இருந்தேன். தூங்குகிறாய் என்று நினைத்தேன். “டீச்சர், இங்கயே இருந்துட்டா இன்னா?” என்றாய். பதிலை எதிர்பார்த்துக் கேட்டதாகத் தெரியவில்லை.

நாம் மணவூரில் இருந்த அதே காலையில் மலைமேல் ஒரு வீட்டில் சாவு. சவத்தை எடுக்கும்வரை கோயில் நடை சாத்தியே இருந்தது. உச்சிப்பொழுது தாண்டித்தான் திறந்தார்கள். ஊருக்கெல்லாம் தெரிந்த அந்தச் செய்தி நமக்கு மட்டும் தெரியவில்லை.

மற்ற வீடுகளில் பொட்டலத்தை வாங்கி வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். உன் அத்தை பக்தி உள்ளவர், என்ன அலங்காரம் என்று கேட்டிருக்கிறார். நீ சந்தனக்காப்பு என்றிருக்கிறாய். மறுநாள் காலையில் பூக்காரி வந்து நடை சாத்தியிருந்ததைச் சொன்னாள்.

அன்று மாலை நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தேன். உன் அத்தை வாசலில் நின்றார். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை.

“ஒரே ஒரு வார்த்தை டீச்சரம்மா. நேத்து காத்தால எல்லாரும் மலைக்குப் போனீங்களா?”

கையில் சொம்போடு நின்றேன்.

“எம்மருமவ போனேன்றா. சந்தனக்காப்பு பாத்தேன்றா. பூக்காரி இன்னாடான்னா நடையே தொறக்கலன்றா. நீ படிச்ச பொண்ணு, பொய் சொல்ல மாட்டே. நீ போனோம்னு சொல்லு, நான் நம்பிக்கறேன்.”

இன்றுவரை எத்தனை பதில்கள் தோன்றியிருக்கின்றன, தெரியுமா? போனோம், சாத்தியிருந்தது, வாசலிலேயே கும்பிட்டோம், உங்களிடம் சொன்னால் அபசகுனம் என்று பயந்து மாற்றிச் சொல்லிவிட்டாள் என்று சொல்லியிருக்கலாம். நான்தான் தாமதமாக வந்தேன், தப்பு என்னுடையது என்று உண்மையையே முழுசாகச் சொல்லியிருக்கலாம். அதுவும் வாயில் வரவில்லை. பொய் சொல்லக் கூடாது என்ற எண்ணமும், என் தப்பை ஒப்புக்கொள்ளும் வெட்கமும் சேர்ந்து நாக்கைக் கட்டிவிட்டன. சொம்பிலிருந்து தண்ணீர் என் காலில் சொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே நைனா கனைத்தார்.

உன் அத்தை வெகுநேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு, “சரிம்மா” என்றார். தெருவில் இறங்கிப் போய்விட்டார்.

உன்னை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை என்று கேள்விப்பட்டேன். சங்கத்துக்கு அனுப்புவதை நிறுத்தினார்கள், அவ்வளவுதான். நீ பாவா என்று கூப்பிடும் உன் புருஷன் நல்லவர், ஆனால் அம்மாவுக்கு முன்னால் வாய் திறக்காதவர். வக்கீலம்மா நேரில் போய்ப் பேசிப் பார்த்தார். “மலைக்குத்தானே ஆசைப்பட்டா? நானே கூட்டிகினு போறேன்” என்று உன் அத்தை சொல்லி அனுப்பிவிட்டார். சொன்னபடியே கிருத்திகை தவறாமல் உன்னைப் படியேற்றினார். உன் அத்தை என்னிடம் வந்து கேட்டதைச் சங்கத்தில் நான் யாருக்கும் சொல்லவில்லை. பூக்காரியால் வந்த வினை என்று எல்லோரும் பேசினார்கள். நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் ஒரு தடவை உன்னைத் தனியாகப் பிடித்தேன். உன் அத்தை அர்ச்சனைக்கு நின்றிருந்தார். காவடிகளின் சத்தத்தில் காதருகே குனிந்து பேச வேண்டியிருந்தது.

“எளைச்சிட்டியே டீச்சர்” என்றாய், நான் கேட்க வேண்டியதை.

“என்மேல கோவமா?”

“உம்மேலயா? பொய் சொல்லத் தெரியாதவகிட்ட போயி பொய் கேட்டா அத்தை. அது யாரு தப்பு?” சிரித்தாய். “இப்ப யாரு ஜெயிச்சிகினு இருக்கா?”

“யாரு யாரோ.”

“ஆங். இருக்கட்டும்.” உன் கையில் தேங்காய்த் தட்டு இருந்தது. வலது கையில். “புதுசா வர்ற பொண்ணுங்களுக்குச் சொல்லி வை. நடை தொறந்திருக்கான்னு மொதல்ல கேட்டுகினு அப்பறம் பொய் சொல்லணும்.”

அத்தை கூப்பிட்டார். போய்விட்டாய். அதற்கப்புறம் உன்னோடு நான் பேசவில்லை.

மார்கழியில் உனக்கு விஷக்காய்ச்சல் என்றார்கள். இரண்டு நாள் உங்கள் வாசல்வரை வந்து திரும்பினேன். அத்தை கதவைத் திறந்தால் என்ன பேசுவது என்று தெரியவில்லை. மூன்றாம் முறை வந்தபோது வாசலில் ஆட்கள் நின்றிருந்தார்கள்.

பதினாறு கழிந்து ஒரு மாதம் ஆனபின் உன் அத்தை என்னைக் கடைத்தெருவில் நிறுத்தினார். வெயிலில் நின்றுகொண்டே பேசினார்.

“அன்னிக்கு உன்கிட்ட எதுக்கு வந்தேன்னு நெனச்சிகினு இருக்கே? அவ போவலன்னு எனக்குத் தெரியாதா? அவ மொகத்துல மாந்தோப்பு வெயில் அப்பிடியே இருந்துச்சி. பூக்காரி தெரு பூரா சொல்லிட்டா. டீச்சரே போனோம்னு சொல்லிச்சின்னு நான் சொல்லியிருந்தா எல்லாம் வாய மூடிகினு இருந்திருப்பாளுங்க. அடுத்த மாசமும் அவள அனுப்பிச்சிருப்பேன்.”

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனார்.

நான் பெருமைப்பட்ட என் உண்மையைப் பற்றி அதற்குப் பிறகு நிறைய யோசித்திருக்கிறேன். என்னைத் தடுக்க யாருமில்லாததால் அது எனக்குச் சுலபமாக இருந்தது. உனக்கு மாதத்தில் ஒரு ஞாயிறு வேண்டுமென்றால், அதற்கு ஒரு பொய்யும், அந்தப் பொய்யைத் தாங்கிப் பிடிக்க ஒரு தோழியும் வேண்டியிருந்தது. இதைப் புரிந்துகொள்ள அத்தனை புத்தகம் படித்தும் போதவில்லை.

குண்டு பயம் தீர்ந்து வக்கீலம்மா சென்னைக்குத் திரும்பிவிட்டார். பலகையை இறக்கிவிடலாம் என்றார்கள். நான்தான் விடவில்லை. இப்போது ஒன்பது பேர் வருகிறார்கள். நல்ல பெண்கள்தான். அவர்கள் என்னைக் கேலி செய்வதில்லை. நான் உள்ளே வந்தால் எழுந்து நிற்கிறார்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு இன்னும் போகிறோம். மலையேற முடியாமல் போகிற நாளில், பூக்காரியிடம் நடை திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டுதான் புறப்படுகிறோம்.

போன ஞாயிறு விடியற்காலையில் நல்ல மழை. படி ஏறவில்லை. மழை விட்டபின் சுனைப் பக்கம் போய்விட்டுச் சாயங்காலம் திரும்பினோம். புதிதாகச் சேர்ந்த ஒருத்தியைக் கூட்டிப்போக அவள் அண்ணன் சத்திரத்து வாசலில் வந்து நின்றிருந்தார். அவள் உள்ளே ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“மழையில மலைக்கா போனீங்க டீச்சர்?” என்றார்.

“ஆங், போனோம்” என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டுக் குடையை மடக்கினார். அவ்வளவுதான். ஒரு மூச்சு விடும் நேரம்கூடப் பிடிக்கவில்லை.

இந்த ஒரு வார்த்தைக்காக உன் அத்தை அன்று எவ்வளவு நேரம் நின்றார்.