கிளையில் கட்டிய சிவப்பு நூல்

அன்பு மகள் சிட்டுவுக்கு அப்பா ஆசீர்வதித்து எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்கள்தானே? இங்கே நாங்களும் சௌக்கியம் என்று எழுத வந்தேன், அந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது. நான் சௌக்கியம், கடையும் நடக்கிறது, அம்மாவைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். போனில் சொல்ல வழியில்லை, அவள் பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பதறாமல் படி. நான் ஏற்கெனவே பதறிக்கொண்டுதான் இருக்கிறேன், வீட்டுக்கு ஒருவர் போதும்.

குளிர் விட்டதும் காலையில் இரண்டு பேரும் நடங்கள் என்று நீ சொன்னாய் இல்லையா, கடைசி பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் இருக்கிற காட்டுக்குத்தான் போகிறோம். சருகைத் தள்ளிக்கொண்டு எத்தனை பூ வருகிறது தெரியுமா, தையல் மெஷினுக்கு முன்னால் குனிந்தே காலத்தை ஓட்டிய எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும், அம்மாதான் நின்று நின்று காட்டுவாள். பெயர் எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது, அவளே வைப்பாள். நம் கடையில் பட்டன் துளைக்குக் காஜா எடுத்து, பட்டன் கட்டி, தைத்த துணியில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிறையெல்லாம் வெட்டிய கை அல்லவா, பெயரும் அப்படித்தான் வரும். பாசி பிடித்த கல்லோரம் ஒரு சின்ன வெள்ளைப் பூ, அதற்குச் சட்டைப்பட்டன். மரத்தடியில் கூட்டமாக நிற்கிற ஊதாப் பூவுக்குப் பாவாடைச் சுருக்கு. வெயில் பட்டால் விரிந்து மேகம் வந்தால் மூடிக்கொள்கிற ஒரு மஞ்சள் பூவுக்கு என் பேரையே வைத்துவிட்டாள், தையலை யாராவது மெச்சினால் பல்லைக் காட்டுவேனாம், குறை சொன்னால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வேனாம். சிரித்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தோம்.

அப்புறம் ஒரு நாள் அதே கல், அதே வெள்ளைப் பூ, ஏங்க இங்க பாருங்க, புதுசா ஒரு பூ வந்திருக்கு, பால்பல்லுன்னு பேர் வைக்கலாமா என்றாள். என்னைச் சீண்டுகிறாள் என்று நினைத்துச் சிரித்தேன். மறுநாளும் அது புதுப் பூ, வேறு பேர். அதற்கு மறுநாளும். அவள் முகத்தில் இருந்த ஆச்சரியத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ, பொய்யாக அப்படி ஆச்சரியப்பட யாராலும் முடியாது. அப்போதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. வீட்டில் அவ்வளவாக ஒன்றும் தெரிவதில்லை, வேலையெல்லாம் கை தானாகச் செய்துவிடுகிறது. உன்னோடு போனில் பேசும்போது அவள் தடுமாறினால் நான் எதிரே நின்று வாயை அசைத்துக் காட்டுவேன், அதனால்தான் உனக்குத் தெரியவில்லை.

பயத்தில் எனக்கு ஒரு அதிபுத்தி தோன்றியது. கடையிலிருந்து சிவப்பு நூல் கொண்டுபோய் பாதை பிரிகிற இடத்திலெல்லாம் கிளையில் ஒரு துண்டு கட்டினேன், நூலைப் பார்த்துக்கிட்டே வந்தா என்கிட்ட வந்துடலாம் என்று அவளிடம் சொன்னேன், சமர்த்தாகத் தலையாட்டினாள். வியாழக்கிழமை என் முழங்கால் பிடித்துக்கொண்டது, விழுந்து கிடந்த ஒரு மரத்தில் உட்கார்ந்துவிட்டேன். நீங்க இருங்க, அந்தப் பக்கம் என்ன பூத்திருக்குன்னு பார்த்துட்டு வரேன் என்று போனவள் வரவே இல்லை. கூப்பிட்டேன், மரத்திலிருந்த பறவைகள்தான் எழும்பின. நொண்டிக்கொண்டு போய்ப் பார்த்தால் முதல் பிரிவில் நூல் இல்லை, அடுத்ததிலும் இல்லை. அவள் எந்தப் பக்கம் போனாள் என்று தெரியவில்லை, கொஞ்ச நேரத்தில் நான் எந்தப் பக்கமாக வந்தேன் என்பதும் தெரியவில்லை. அந்தக் காட்டுக் கோடியில் ஆழமான ஓடை ஒன்று இருக்கிறது. தண்ணீர்ச் சத்தம் வந்த பக்கமாக நொண்டிக்கொண்டே ஓடினேன், எத்தனை பூவை மிதித்தேனோ, ஒன்றையும் கண் பார்க்கவில்லை.

ஓடைக்கரையில்தான் குந்தி உட்கார்ந்திருந்தாள். இடது ஆள்காட்டி விரலில் என் சிவப்பு நூல் அத்தனையும் சுற்றியிருந்தது, கடையில் வெட்டிய பிசிறைச் சுற்றி வைத்துக்கொள்வாளே அதே மாதிரி. மூச்சு வாங்க எதிரே போய் நின்றேன். நிமிர்ந்து பார்த்து, யாரோ கண்ட இடத்துல பிசிறு விட்டு வச்சிருக்காங்க, நல்ல வேளை நான் பார்த்தேன், எங்க வீட்டுக்காரர் கண்ணுல பட்டா கத்துவார் என்றாள். என்னிடமே சொன்னாள் அம்மாடி. பிசிறு பிசிறு என்று இத்தனை வருஷமும் அவளிடம் கத்தியவன் நான்தான், நூல் நீட்டிக்கொண்டிருந்தால் அவள் கை சும்மா இருக்காது என்று தெரிந்த நானே நூலைக் கட்டினேன் பார், என்னைச் சொல்ல வேண்டும். கொஞ்சம் பொறுத்து, ஏங்க உங்களுக்கு இப்படி வேர்த்திருக்கு என்று முந்தானையால் துடைத்தாள். போன உயிர் வந்தது. ஆனால் அதற்கு முன்னால் நான் அவளுக்கு யாரோ ஒரு ஆள்.

அடுத்த வாரம் மூளை டாக்டரிடம் கூட்டிப்போகிறேன். அவர் என்ன சொல்வாரோ என்று பயம், போகாமல் இருக்கவும் பயம். நடப்பதை நிறுத்தவில்லை, அங்கேதான் அவள் சந்தோஷமாக இருக்கிறாள், நான் கையை விடாமல் பிடித்துக்கொள்கிறேன். வயசான காலத்துல என்ன கொஞ்சல், நாலு பேர் பார்த்தா என்ன நினைப்பாங்க என்கிறாள். திட்டட்டும். கோடை வெயில் ஏறினால் இந்தப் பூவெல்லாம் போய்விடும். அதற்குள் நீ வந்துவிடு கண்ணு. வா என்று இதுவரை உன்னை வற்புறுத்தியதில்லை, இப்போது வற்புறுத்துகிறேன்.

நேற்று அதே வெள்ளைப் பூவுக்கு என்ன பேர் வைக்கலாம் என்று கேட்டாள். நீயே சொல்லு என்றேன். யோசித்துவிட்டுச் சிட்டு என்றாள். எனக்குப் பகீர் என்றது, பேர் மட்டும் மிஞ்சி, பெற்ற பிள்ளை மறந்துபோயிற்றோ என்று. யார் சிட்டு என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. பறிக்கலாம் என்று குனிந்தேன், அவள் என் கையைத் தட்டிவிட்டு, பறிக்காதீங்க, அவ ஸ்கூல் விட்டு வந்ததும் கூட்டிட்டு வந்து காட்டணும் என்றாள்.

நீயும் மாப்பிள்ளையும் நூறு வருஷம் ஒருவர் கையை ஒருவர் விடாமல் இருக்க வேண்டும், நன்றாக இருங்கள். வண்டி ஓட்டும்போது இதை நினைத்து அழாதே. ஒன்றே ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. வீட்டுக்கு வந்ததும், என்னைத் தெரியுதாம்மா என்று அவளைக் கேட்டுவிடாதே. உனக்கு முன்தலை நரைத்திருந்தால் என்ன, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அம்மா ஸ்கூல் விட்டாச்சு என்று சொல்லிக்கொண்டே உள்ளே வா.

இப்படிக்கு,
வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்
உன் அப்பா