மலிவு ரிலீஸும் என் உதடும்

அன்புள்ள வெர்னன்,

நலம்தானே? முழங்கால் வீக்கம் வடிந்ததா? டகோட்டா எண்ணெய்க் கிணற்று முகாமில் இத்தனை பேருக்குச் சமைத்தும் நான் கல்லுப்போல் இருக்கிறேன்.

விரல் மூட்டு வீங்கி வில் நாணைப் பிடிக்க முடியவில்லை என்றேன் அல்லவா? விரலுக்குப் பதிலாக நாணைப் பிடித்துக்கொண்டு, விசையைத் தட்டினால் விடுவிக்கும் ரிலீஸ் என்ற கருவி வாங்கப் போனேன். மணிக்கட்டில் கட்டிக்கொள்வது. கடைக்காரன் நீட்டியதெல்லாம் யானை விலை. மலிவானதை மாட்டி, கடை வில்லில் அம்பு பூட்டி இழுத்தேன். விரல் விசைமேல் இருந்துவிட்டது. பாதியிலேயே நாண் விடுபட்டு, அம்பு கூரையில் குத்தியது. என் முஷ்டி என் வாயில் குத்தியது. உதட்டில் சின்னத் தையல்தான், பயப்படாதீர்கள்.

“பாட்டி, பேசாம துப்பாக்கி மாதிரி சுடுற குறுக்குவில் வாங்கிக்கோங்க. வயசானவங்களுக்கு அதான் லாயக்கு.”

“என் கை, என் வாய். உனக்கு எங்கடா வலிக்குது? இதையே கட்டிக் குடு!”

இப்போது முகாம் ஆள் ஒருவரின் வில்லை வாங்கி, விரலை விசைக்குப் பின்னால் வைத்தே இழுத்துப் பழகுகிறேன். குறி தப்புவதில்லை. ஒரே குறை, மணிக்கட்டில் சுற்றும் இதன் ஒட்டுப்பட்டையைப் பிரித்தால் ‘சர்ர்’ என்கிறது. மான் ஊரைவிட்டே ஓடிவிடும். அதற்குப் பதில் தோல்வார் தைத்துக்கொள்கிறேன். நீங்கள் தினமும் போடும் பழைய இடுப்புவாரையே அனுப்புங்கள், புதிது வேண்டாம்.

என் வில்லை விற்கலாம் என்கிறானாமே நம் பையன் டாரில்? தொட்டால் இந்த வருஷம் அவனுக்கு மான்கறி கிடையாது. மான் வேட்டை சீசன் தொடங்கும் அன்று நான் ஊருக்கு வந்து மரத்தின்மேல் காத்திருப்பேன். அதுவரை வில்லை நம் கட்டிலில் என் பக்கம் வையுங்கள். அந்த இடத்தை அது காக்கட்டும்.

சூப் பொங்குகிறது, ஓடுகிறேன்.

உங்கள் ஆர்டிஸ்