ஓரகத்தியின் சாட்சி

ஜூன் 9

மாடியில் குழந்தை அழுகிறது. அழட்டும். அழுகிற குழந்தை உயிரோடு இருக்கிறது.

வேலை முடிந்து வரும்போது கொடியில் சின்னச் சின்னச் சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. எல்லாம் நான் வாங்கியவை. மார்ச்சில் என் மகன் மூச்சில்லாமல் பிறந்தான். நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதே மாமியார் அலமாரியை ஒழித்து, துணிகளை மூட்டை கட்டி மாடிக்கு அனுப்பிவிட்டார். ஓரகத்திக்கு அப்போது ஏழாவது மாதம். "வீணாப் போக வேண்டாமேன்னுதாம்மா" என்றார்.

என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

ஜூன் 14, ஞாயிறு

ஆராதனையில் ஓரகத்தி சாட்சி சொன்னாள். பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு மைக்கைப் பிடித்தாள். "எட்டாம் மாசத்துலயே வலி வந்துடுச்சு. டாக்டர் கையை விரிச்சுட்டாங்க. நான் விடாம ஜெபிச்சேன். கர்த்தர் கேட்டாரு."

சபை முழுக்க அல்லேலூயா. நானும் சொன்னேன். நாக்குதான் சொன்னது.

அப்படியென்றால் என் ஜெபம்? நானும்தானே முழங்கால் போட்டேன்? அதே கர்த்தர், அதே வீடு. நான் கீழே, அவள் மாடியில். மாடியிலிருந்து கூப்பிட்டால் சீக்கிரம் கேட்குமோ?

ஜூன் 15

வயிறு எரிகிறது. துக்கம் என்று எழுதப் போனேன். இல்லை, பொறாமைதான்.

ஜூன் 28, ஞாயிறு

தலைவலி என்று சொல்லிவிட்டு வீட்டிலேயே இருந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் மட்டும் ஆராதனைக்குப் போய் வந்தார். சாயங்காலம் போதகர் வந்தார். வேதத்தைத் திறந்து ஏதாவது ஆறுதல் வாசிப்பார், கேட்டுத் தொலைப்போம் என்று முகத்தை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் காபியைத்தான் குடித்தார்.

"ஆண்டவர் மேல கோவமா இருக்கியாம்மா?"

"அவர்கிட்ட பேசறதே இல்லைங்கய்யா."

"சரி. பேசறதில்லேங்கறதயாவது அவர்கிட்டயே சொல்லிடு."

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

ஜூலை 7

மாடிப்படியில் ஓரகத்தி பிள்ளையை நீட்டினாள். "அக்கா, இவனக் கொஞ்சம் பிடிங்களேன். அடுப்புல பால் பொங்குது."

கை ஈரம் என்றேன். ஈரமே இல்லை.

அவள் பிள்ளையோடு படியேறிப் போய்விட்டாள். தெரிந்திருக்கும். தெரியட்டுமே!

ஜூலை 18

பொடிசுக்குக் காய்ச்சல். டாக்டர் ரத்தப் பரிசோதனைக்கு நான் வேலை பார்க்கும் லேபுக்கே அனுப்பிவிட்டார். புதிதாகச் சேர்ந்த பெண் குத்திக் குத்திப் பார்த்தாள், நரம்பு அகப்படவில்லை. "மேடம், நீங்களே எடுத்துடுங்க" என்று என்னிடம் வந்து நின்றாள். குழந்தைகள் வந்தால் முன்பெல்லாம் நான்தான் எடுப்பேன். மார்ச்சுக்குப் பிறகு விட்டுவிட்டேன்.

ஊசியை எடுத்ததும் ஓர் எண்ணம் வந்தது. எழுதவே கூசுகிறது. ஓரகத்தியும் கொஞ்சம் பயந்து பார்க்கட்டுமே — அதுதான். சீ, இவ்வளவு கேவலமாவா போயிட்டேன்?

என் கை நடுங்கியது. இத்தனை வருஷ வேலையில் நடுங்காத கை.

ஆண்டவரே, எனக்கு உம்ம மேல கோவம்தான். அது அப்படியே இருக்கட்டும். இப்ப என் கைய மட்டும் பிடிச்சுக்கும்.

மனசுக்குள்தான் சொன்னேன். மார்ச்சுக்குப் பிறகு முதல் ஜெபம்.

பிஞ்சுப் புறங்கையை வெளிச்சத்தில் பிடித்து நரம்பைத் தேடினேன். ஒரே குத்து. ரத்தம் வந்தது. அவன் வீறிட்டான். பஞ்சை அழுத்தியபடியே தூக்கித் தோளில் போட்டுக்கொண்டேன். யாரும் சொல்லவில்லை, நானாகத்தான். கொதித்துக்கொண்டிருந்தான். கனமாக இருந்தான். என் பிள்ளை இருந்திருந்தால் —

அவனும் அழுதான், நானும் அழுதேன்.

ஜூலை 20

காய்ச்சல் விட்டுவிட்டது. ஓரகத்தி கீழே வந்து என் சமையலறை வாசலில் நின்றாள். நன்றி சொல்ல வந்திருப்பாள். சொல்ல விடாமல் கேட்டேவிட்டேன். "உன் ஜெபத்தக் கேட்டவரு என்னோடத ஏன் கேக்கல?"

எல்லாம் அவர் சித்தம் என்றிருந்தால் என்ன செய்திருப்பேனோ.

"தெரியலக்கா" என்றாள். "உங்க பையனுக்காகவும்தான் ஜெபிச்சேன். தினமும். அது ஏன் கேக்கப்படலன்னு எனக்கும் தெரியல. சாட்சியில அதை விட்டுட்டேன். முழுசா சொல்ற தைரியம் இல்ல. அன்னிக்கு சபையில உங்க மூஞ்சியப் பாத்ததுலேர்ந்து எனக்கு ஜெபமே வர மாட்டேங்குது."

என் பிள்ளைக்காக இன்னொருத்தியும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கும் ‘இல்லை’ என்றுதான் பதில் வந்திருக்கிறது.

"உள்ள வா" என்றேன்.

ஆகஸ்ட் 2, ஞாயிறு

ஆராதனைக்குப் போனேன். பொறாமை போய்விட்டதா? எங்கே! அதுவும் கூடவே வந்து பெஞ்சில் உட்கார்ந்தது.

ஜெபக் குறிப்பு உண்டா என்று போதகர் கேட்டபோது எழுந்துவிட்டேன். "மார்ச்சுல எனக்கு ஒரு மகன் பொறந்தான். அவனப் பத்தி இங்க யாரும் ஒரு வார்த்தை பேசல. ஒரு தடவ பேசணும்."

முதலில் எழுந்து நின்றவர் மாமியார். பிறகு ஒவ்வொருவராக எல்லோரும். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மாமியார் என் கையை விடவில்லை. "துணியெல்லாம் கேக்காம எடுத்துட்டேன்மா" என்றார், மெதுவாக.

செப்டம்பர் 11

அழாமல் ஒரு நாள் போயிருக்கிறது. படுக்கப் போகும்போதுதான் கவனித்தேன்.

நவம்பர் 21

ஓரகத்தி குளிக்கப் போனாள். பொடிசை என்னிடம் விட்டிருந்தாள். என் விரலைக் கடித்தான். என்னவோ கீறியது. வாயைத் திறந்து பார்த்தால் கீழ் ஈறில் வெள்ளையாக, அரிசி முனைபோல. முதல் பல்!

முதலில் பார்த்தது நான். சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

அவள் வந்ததும் பிள்ளையைக் கொடுத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். கொஞ்ச நேரத்தில் மாடியிலிருந்து ஒரே சத்தம். "அக்கா! அக்கா! ஓடி வாங்களேன், இவனுக்குப் பல்லு!"

ஓடினேன். "அடடே, எங்க, காட்டு பாக்கலாம்" என்றேன்.