ஆயர் நாற்காலியில் அரை நிமிடம்

அன்பும் மரியாதையும் நிறைந்த என் வீட்டுக்காரருக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் நான் சுகம். உங்கள் இருமல் எப்படி இருக்கிறது? வெந்நீர்தானே குடிக்கிறீர்கள்?

பேராலயத்தைப் பெருக்கித் துடைக்கும் வேலை நடக்கிறது. நேற்று முழங்கால் பிடித்துக்கொண்டது. பீடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஆயர் நாற்காலியில் அரை நிமிடம் உட்கார்ந்துவிட்டேன். சாவி வைத்திருக்கும் கோயில்பிள்ளை பார்த்துவிட்டார்.

“ஏம்மா, இந்த நாற்காலி வந்த பிறகுதான் இது பேராலயம். அதுக்கு முன்னாடி நூறு வருஷம் வெறும் கோயில்தான், தெரியுமா?” என்று குதித்தார்.

“அந்த நூறு வருஷமும் கூட்டிப் பெருக்குனவ எங்கய்யா உட்கார்ந்தா?” என்றேன். ஐந்தாவது வரை படித்தவள், கேட்காமல் இருப்பேனா?

ஆயர் எப்போதோ வருகிறார். தினமும் அந்த வெல்வெட்டுக்குத் தூசி தட்டுவது நான். ஒரு ஸ்டூல் கேட்டுக் கேட்டு வாய்தான் வலிக்கிறது. “பாக்கலாம், பாக்கலாம்” என்றே நாளை ஓட்டுகிறார்கள். எரிச்சலாக வருகிறது.

இந்தப் பக்கம் யாராவது வந்தால், நம் அடுப்படியில் இருக்கும் என் முக்காலியைக் கொடுத்து விடுங்கள். கூடவே முழங்காலுக்குத் தைலமும்.

இல்லை, முக்காலி வேண்டாம். ஆயர் வராவிட்டாலும் நாற்காலி இருப்பதால் இது அவர் கோயில்தானே? என் முக்காலியும் நம் அடுப்படியிலேயே கிடக்கட்டும். வேறு யாரையும் அதில் உட்கார விடாதீர்கள். தைலம் மட்டும் போதும்.

பூசைக்கு மணி அடித்துவிட்டது. விரிப்பு விரிக்க ஓடுகிறேன்.

உங்கள் வீட்டுக்காரி