விக்கிரவாண்டி மிளகாய் பஜ்ஜி

என்னங்க,

முகையூர் பஸ்ஸுக்கு நேரமாச்சு, வேலைக்குக் கிளம்பறேன். சாவி மீட்டர் பொட்டி மேல இருக்குது. அடுப்புல கேப்பைக் கூழ் இருக்குது, ஓடிட்டு வந்ததும் குடிங்க. மஞ்சள் பனியனைத் துவைச்சுக் காயப் போட்டிருக்கேன். கேன்சர் வந்த புள்ளைங்களுக்காக நாளைக்குத் திண்டிவனத்துல ஓடறதுக்கு அதைத்தானே போடணும்.

தென்னரசு வந்தா டீ போட்டுக் குடுங்க. அவர் மேல எனக்குக் கோவம் இல்ல, வயித்தெரிச்சல்தான். உங்களுக்கு வந்த அதே கேன்சர்தான் அவருக்கும். ஆஸ்பத்திரியில பட்டதையெல்லாம் ரெண்டு பேரும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கறீங்க. நான் உள்ள வந்தா பேச்சை நிறுத்திடறீங்க. எனக்கும் வந்திருந்தாத்தான் என்கிட்டயும் சிரிப்பீங்க போல.

வைத்தியத்துல வந்த வாய்ப்புண்ணோட உங்களால காரம் சாப்பிட முடியலன்னு அப்ப நானும் காரத்தை விட்டேன். இன்னிக்கு வரைக்கும் நம்ம வீட்டுக் கொழம்புல மொளகா போட்டதில்ல. நேத்து மார்க்கெட்ல தென்னரசு வீட்டம்மா செண்பகம் சொல்றாங்க: "தெனம் ஓடி முடிச்சிட்டு ரெண்டு பேரும் விக்கிரவாண்டியில மொளகா பஜ்ஜி சாப்பிட்டுக்கினு இருக்காங்க, உனக்குத் தெரியாதா?"

தெரியும்னு தலையாட்டிட்டு வந்தேன்.

காரம் ஒத்துக்கிச்சுன்னு மொதல்ல என்கிட்டதானே சொல்லியிருக்கணும்?

பிரபாவதி

கூழைச் சூடு பண்ணிக்குங்க.

மோர் மொளகா வறுத்து சில்வர் டப்பாவுல வச்சிருக்கேன். நான் வர்ற வரைக்கும் தொடாதீங்க, சாயங்காலம் சேர்ந்து சாப்பிடலாம். தென்னரசு கேட்டாலும் ஒண்ணுகூடக் குடுக்காதீங்க.