எச்சரிக்கை போக வேண்டிய எண்கள்

மார்ச் 4, புதன்

சித்தப்பா ஒரு மோடம் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். சோப்பு டப்பா அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. சிம் போட ஒரு பிளவு, வால் மாதிரி ஒரு ஆன்டெனா, கரண்ட் போனாலும் தாங்க உள்ளே ஒரு பேட்டரி. இதை அம்மாவின் குஞ்சு பொரிக்கும் பெட்டியில் இருக்கும் வெப்பமானியோடு இணைத்துவிட்டால், சூடு குறைந்ததும் நம் போனுக்குச் செய்தி வந்துவிடுமாம். அருமையான யோசனை. இவருக்கு எப்படித் தோன்றியது என்று ஆச்சரியப்பட்டேன். கடைக்காரர் சொன்னாராம். அப்படிச் சொல்லுங்கள்.

போன முறை பட்டபோதே வாங்கியிருக்க வேண்டியது. பகலில் கரண்ட் போனது. அம்மா கம்பெனியில், நான் பள்ளியில். மாடியில் இன்வெர்ட்டர் இருப்பதால் சித்தப்பாவின் தலைக்கு மேல் மின்விசிறி நிற்கவே இல்லை. கீழே பெட்டி குளிர்ந்துபோனது தெரியாமல் தூங்கியிருக்கிறார். அத்தனை முட்டையும் வீண். அம்மா அழவில்லை. தட்டுகளைக் கழுவி வெயிலில் சாய்த்து வைத்தாள். அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை.

பண்ணைக்காரம்மா இன்னும் ஒரே ஒரு முறை முட்டை தருவதாகச் சொல்லியிருக்கிறார். நன்றாகப் பொரித்தால் மாதாமாதம் தருவார். அம்மா கம்பெனி வேலையை விட்டுவிடலாம். இல்லாவிட்டால் அவர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்.

மார்ச் 5, வியாழன்

மோடம் பேசவில்லை. சித்தப்பாதான் பேசுகிறார். கூடவே வந்த கையேட்டை இன்னும் உறையிலிருந்துகூட எடுக்கவில்லை. படிக்கலாமே என்றேன். "புக்கு படிச்சு யாரும்மா சைக்கிள் ஓட்டக் கத்துக்கிட்டாங்க?" என்றார்.

சித்தப்பாவுக்கு சைக்கிளும் ஓட்டத் தெரியாது.

மார்ச் 6, வெள்ளி

புது சிம் எதற்கு, தன் அலமாரியிலேயே ஒன்று சும்மா கிடக்கிறது என்று எடுத்து வந்தார். அது ரகசிய எண் கேட்டது. தான் பிறந்த வருடத்தைப் போட்டார். பழைய பைக்கின் எண்ணைப் போட்டார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒன்றைப் போட்டார். சிம் மொத்தமாகப் பூட்டிக்கொண்டது. "கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான்" என்று தீர்ப்பு.

கையேட்டை நான் எடுத்துக்கொண்டேன். யாரும் தேடவில்லை.

மார்ச் 7, சனி

முட்டைகள் வந்துவிட்டன. பண்ணைக்காரம்மா பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, கதவைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு, "இந்தத் தடவ ஒண்ணும் ஆகாதில்ல?" என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா வாயைத் திறப்பதற்குள் சித்தப்பா, "எல்லாம் இன்டர்நெட்ல இருக்குங்க, கவலையே படாதீங்க" என்றார். அந்த நேரத்தில் இன்டர்நெட்டில் எதுவுமே இல்லை. மோடத்தில் சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது. அதையும் காட்டி, "பாருங்க, வேலை செய்யுது" என்றார்!

புது சிம் வாங்கியாகிவிட்டது. ஆனாலும் சிவப்புதான்.

மார்ச் 8, ஞாயிறு

பச்சை! பச்சை! பச்சை!

எப்படி நடந்தது என்று ஒழுங்காக எழுதி வைக்கிறேன். சித்தப்பா மதியத் தூக்கத்துக்குப் போன பிறகு மோடத்தின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தேன். நெட்டுக்குள் நுழைய ஒவ்வொரு சிம் நிறுவனமும் தன் வாசலுக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறது. அதை ஒரு கட்டத்தில் நிரப்ப வேண்டும். அந்தக் கட்டத்தில் என்ன இருந்தது? சித்தப்பாவின் பெயர். இனிஷியலோடு. பிறகு கேட்டபோது, "பேரு கேட்டுச்சு, கொடுத்தேன்" என்றார். எனக்குச் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்தேன்.

அடுத்தது ஆன்டெனா. மோடத்தின் முதுகில் ஒரே மாதிரி இரண்டு துளைகள். ஒன்று சிக்னலுக்கு, மற்றது அது எந்த இடத்தில் இருக்கிறது என்று அறிய. சித்தப்பா எதில் மாட்டியிருப்பார் என்று எழுத வேண்டுமா?

கழற்றி மாற்றினேன். சிவப்பு, மஞ்சள், பச்சை. போனில் முதல் செய்தி வந்தது: 37.6 டிகிரி. கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அம்மா ஈரக் கையோடு வந்து பார்த்து, "நீயாடி செஞ்ச?" என்றாள். அவ்வளவுதான். போதும்.

மார்ச் 9, திங்கள்

எச்சரிக்கை எந்த எண்களுக்குப் போக வேண்டும் என்று ஒரு பக்கம் இருக்கிறது. "முதல் நம்பர் என்னுது. நான்தானே டெக்னிக்கல்" என்றார் சித்தப்பா. டெக்னிக்கல்! வாசலில் தன் பெயரை எழுதிப் போட்ட டெக்னிக்கல்.

அம்மாவின் எண்ணையும் என் எண்ணையும் மட்டும் போட்டேன். அவர் எண்ணைப் போட்டு என்ன ஆகப்போகிறது? தலையணைக்கு அடியில் கிடக்கும். அம்மாவின் போனைக் கம்பெனி வாசலில் வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்றாலும் இடைவேளையில் தருவார்கள். பார்த்ததும் பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டு, எங்கள் கொல்லையில் இருக்கும் ஜெனரேட்டரைப் போடச் சொல்லலாம். பள்ளியில் போனுக்கு அனுமதி இல்லை; மாலையில் வந்து நான் பார்த்துக்கொள்வேன்.

"நம்பரெல்லாம் போட்டாச்சா?" என்று அம்மா கேட்டாள். போட்டாச்சு என்றேன். அவள் கேட்டதும் அவ்வளவுதான், நான் சொன்னதும் அவ்வளவுதான்.

மார்ச் 12, வியாழன்

சித்தப்பா தெருவில் இரண்டு பேரை அழைத்து வந்து "நான் போட்ட மோடம்" என்று காட்டினார். நான் போட்ட, நான் போட்ட, நான் போட்ட. காதைப் பொத்திக்கொண்டு வரலாறு படித்தேன்.

மார்ச் 18, புதன்

சீருடையைக்கூட மாற்றாமல் அவசரமாக எழுதுகிறேன். எழுத்து இப்படித்தான் வரும்.

பள்ளியிலிருந்து வரும்போது தெரு முனையிலேயே ஜெனரேட்டர் சத்தம் கேட்டது. ஓடி வந்தேன். பொரிக்கும் பெட்டியைச் சுற்றி வீட்டில் இருக்கிற போர்வை அத்தனையும். பக்கத்தில் தரையில் சித்தப்பா, சட்டையெல்லாம் கிரீஸ், வலது கை உரிந்திருந்தது. ஜெனரேட்டர் கயிறு இழுத்ததில்.

காலையில் அம்மாவின் கம்பெனி இடைவேளை முடிந்த கையோடு கரண்ட் போயிருக்கிறது. மோடம் சொன்னபடி செய்திருக்கிறது, ஒன்றுக்குப் பத்தாகச் செய்தி அனுப்பியிருக்கிறது. ஒரு போன் கம்பெனி வாசலில். இன்னொன்று என் மேசை டிராயரில். கேட்க யார் இருந்தது? ஐயோ, நான் என்ன யோசிச்சேன், எதைத்தான் யோசிச்சேன்?

சித்தப்பா கீழே வந்தது பிஸ்கட் டப்பாவுக்காக. அதை அவரே சொன்னார், வெட்கமே இல்லாமல். "உன் டிராயர் கொர்ரு கொர்ருனு கத்திக்கிட்டே இருந்துச்சு. தொறந்து பார்த்தா, சூடு கம்மி, சூடு கம்மின்னு ஒரே புலம்பல்."

பிறகு தன் போனை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எனக்கு மட்டும் ஏன் வரல?"

நான் பையைக் கழற்றுவது போல் திரும்பிக்கொண்டேன்.

மார்ச் 19, வியாழன்

முட்டைகள் பிழைத்தனவா என்று யாருக்கும் தெரியாது. உள்ளே உயிர் தெரிகிறதா என்று அம்மா முட்டைக்குப் பின்னால் விளக்கு பிடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். பொறுத்திருந்துதான் பார்க்க வேண்டும்.

சித்தப்பா தன் போனைப் பழுது பார்க்கும் கடையில் கொடுத்திருக்கிறார். அதில்தான் ஏதோ கோளாறாம்.

மார்ச் 20, வெள்ளி

சொன்னால் என்ன? ஏன் வாய் வரவில்லை? அவரைப் பற்றி இந்த நோட்டில் எவ்வளவு நீட்டி முழக்கியிருக்கிறேன்.

மார்ச் 21, சனி

போன் திரும்பி வந்தது. "ஒரு கோளாறும் இல்லன்னு சொல்லிட்டான். அவனுக்கு ஒண்ணும் தெரியல. வேற கடையில காட்டணும்" என்றார்.

"சித்தப்பா, நான் உங்க நம்பரைப் போடவே இல்ல."

"மறந்துட்டியா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவர் அதைத்தான் எனக்கு எடுத்துக் கொடுத்தார்.

"இல்ல" என்றேன்.

அவர் போனின் கண்ணாடியைச் சட்டையில் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. வாசலுக்குப் போனார், திரும்பி வந்தார். "சரி, இப்பப் போடு" என்றார். முதல் எண்ணாகவா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. முதலில்தான் போட்டேன்.

மார்ச் 25, புதன்

அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். திட்டவில்லை. தட்டில் சோறு போட்டுக்கொண்டே, "இனிமே அவரை மட்டம் தட்டி எதுவும் பேசாம இரு, போதும்" என்றாள். திட்டியிருக்கலாம்.

மார்ச் 28, சனி

விடிந்ததும் சத்தம். முதலில் ஒன்று, பிறகு ஒன்றோடொன்று போட்டி போட்டுக்கொண்டு. சில முட்டைகள் அப்படியே கிடக்கின்றன, குளிர்ந்த பக்கத்து வரிசை. அதை நான் பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஆனால் தட்டு நிறைய ஈரமாய், அசிங்கமாய், உயிரோடு. பண்ணைக்காரம்மா வந்து பார்த்துவிட்டு, அடுத்த முட்டைகளை எப்போது கொண்டுவரலாம் என்று அம்மாவிடம் கேட்டார். சித்தப்பா அவருக்கு மோடத்தை விளக்கினார். பாதி தப்பு. நான் குறுக்கே பேசவில்லை.

மாலையில் மோடத்தின் பக்கத்தைத் திறந்தேன். 'வந்த செய்திகள்' என்று ஒரு பகுதி. அதில் எதுவும் வர வாய்ப்பில்லை. அது அனுப்புகிற சாதனம், அதற்கு யார் எழுதுவார்கள்? திறந்தால், சித்தப்பாவின் எண்ணிலிருந்து வரிசையாக. போன வாரம் நான் அனுப்பிப் பார்த்த சோதனைச் செய்திக்கும், நேற்று மதியம் சூடு கொஞ்சம் இறங்கியபோது போன எச்சரிக்கைக்கும், ஒவ்வொன்றுக்கும் தவறாமல் ஒரு பதில்:

"சரி. கீழே போறேன்."