அக்கா, உன் என்ஜின் ஓடவில்லை

என் அன்பு அக்காவுக்கு,

உன் கேமரா வீட்டுக்கு வந்துவிட்டது. போலீஸ் ஸ்டேஷனில் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தார்கள். லென்ஸ் உடைந்திருக்கிறது. உள்ளே இருந்த கார்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று அங்கே எவருக்கும் தோன்றவில்லை போலும்.

இந்தக் கடிதத்தை ஊரார் படிப்பார்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். அதனால் நீ அறிந்த சிலவற்றையும் சொல்லியாக வேண்டும். பொறுத்துக்கொள்.

பள்ளியில் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்ற பிறகு நீ ஏரிப் பறவைகளைப் படமெடுக்கத் தொடங்கினாய். அதுவும் காருக்குள் உட்கார்ந்தபடியே. காரிலிருந்து இறங்கும் மனிதனைக் கண்டால் நாரை பறந்துவிடும். நிற்கும் கார் அதற்கு ஒரு பாறை. ஆனால் பாறைக்குள்ளிருந்து எடுக்கும் படம் கலங்காமல் வர வேண்டுமே? அதற்காக என் பழைய பேண்டின் ஒரு காலை வெட்டி, இரு முனையும் தைத்து, உள்ளே கேழ்வரகை நிரப்பினாய். கண்ணாடியைப் பாதி இறக்கி, அதன் விளிம்பில் அந்தப் பையை வைத்து, பையின் பள்ளத்தில் லென்ஸைக் கிடத்துவாய். முழங்கை கதவில் படாது. முதுகு சீட்டில் சாயாது. எல்லாவற்றுக்கும் முன்பு என்ஜினை அணைப்பாய். அணைக்காமல் ஒரு படம்கூட நீ எடுத்ததில்லை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னையும் நீ விட்டதில்லை.

"டேய் வாத்தியாரே, மூச்ச இழுத்து இழுத்து விடாத. வண்டி ஆடுது."

"மூச்சு விட்டா வண்டி ஆடுமாக்கா?"

"உன் தொப்பைக்கு ஆடும். பிசிக்ஸ்தான நடத்தற நீ?"

கிரிவலப் பாதையில் வாடகைக் காரை நிறுத்தி, என்ஜின் உறுமிக்கொண்டிருக்க, ஜன்னல் வழியே மலையைப் படமெடுத்த ஒரு வெளியூர்க் குடும்பத்தைப் பார்த்து நீ சிரித்தது நினைவிருக்கிறதா? "மலையே ஆடியிருக்கும் அவுங்க போட்டோல. என்ஜின் ஓடினா அவன் கெளம்பப் போறவன்டா. அணைச்சாத்தான் வேலைக்கு வந்தவன்." அன்றைக்கு நானும் சிரித்தேன்.

உன் நாரைகளுக்குப் பின்னால், எதிர்க்கரையில், கட்டட இடிபாடுகளைக் கொட்டும் லாரிகள் தெரியத் தொடங்கின. முதலில் எரிச்சல்பட்டாய், படம் கெடுகிறதே என்று. பிறகு அந்தப் படங்களையே கலெக்டருக்கு எழுதிய மனுவோடு சேர்த்துக் கொடுத்தாய். ஏரி மனையாகிக்கொண்டிருப்பதை எவரும் மறுக்க முடியாதபடி அவை தெளிவாக இருந்தன. நாரையின் இறகை எண்ண முடிந்ததுபோல லாரியின் எண்ணையும் படிக்க முடிந்தது. உன் கை அவ்வளவு நிலையானது. அதுதான் ஏரியில் மனை போடுகிறவர்களுக்குப் பிடிக்கவில்லை.

மனு கொடுத்த சில வாரங்களில், ஏரிக்கரைச் சாலையில் ஒரு லாரி பின்னாலிருந்து உன் கார்மீது மோதியது. செய்தி வந்தபோது நான் கல்லூரியில் தேர்வு அறையில் இருந்தேன். வந்து பார்த்தபோது உன்மேல் துணி போர்த்தியிருந்தார்கள்.

போலீஸ் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறார்கள் தெரியுமா? நீ காரை ஓட்டிக்கொண்டே படம் எடுத்தாயாம். கவனம் சிதறி நடுச்சாலையில் லாரிக்குக் குறுக்கே திரும்பினாயாம். நீ! உன் மரணத்தை உன் கையெழுத்திலேயே எழுதி முடித்துவிட்டார்கள். இது நிலைத்தால் வழக்கு மூடப்படும். ஏரியும் மூடப்படும்.

கார்டை என் கணினியில் போட்டுப் பார்த்தேன். கடைசிப் படம் விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் எடுத்தது. அந்த வெளிச்சத்துக்கு ஷட்டர் மெதுவாகத்தான் மூடும். கார் ஓர் அங்குலம் நகர்ந்திருந்தாலும், என்ஜின் சும்மா ஓடிக்கொண்டிருந்தாலும், எல்லாம் கரைந்து போயிருக்கும். ஆனால் நத்தைகுத்தி நாரையின் அலகில் இருக்கும் இடைவெளிகூட அதில் துல்லியமாகத் தெரிகிறது. கூட்டத்தில் ஒரு நாரையும் தண்ணீரைப் பார்க்கவில்லை. எல்லாத் தலைகளும் உன் பக்கம் திரும்பியிருக்கின்றன. உன்னைக்கூட அல்ல, உன் காருக்குப் பின்னால் எதையோ அவை பார்க்கின்றன.

அவை பார்த்துவிட்டன. உன் கண் லென்ஸில் இருந்தது. அக்கா, உனக்குச் சத்தமும் கேட்கவில்லையா?

பிறகு மழை பெய்தது. கரைக்குப் போனேன். நீ வழக்கமாக நிறுத்தும் இடத்தில், தார்ச்சாலையை விட்டு நன்றாக விலகி, ஏரிப் பக்க ஓரத்தில், ஒரு சாப்பாட்டு இலை அகலத்துக்குப் பச்சை. குனிந்து பார்க்க வேண்டிய தேவை எனக்கு இருக்கவில்லை. ஜன்னலில் இருந்த உன் பை கிழிந்து கொட்டிய கேழ்வரகு முளைத்திருந்தது. எறும்பும் குருவியும் தின்றது போக மிச்சம். கார் எங்கே நின்றது என்பதற்கு மண்ணே அடையாளம் வைத்திருந்தது.

விசாரணை அதிகாரியிடம் போய்ச் சொன்னேன். அந்த அறைக்கு வெளியே எவரிடமும் சொல்லவில்லை.

"சார், நீங்க படிச்சவரு. ரெண்டு கைலயும் கேமரா இருந்தா ஸ்டியரிங்க எப்டி புடிப்பாங்க?"

"புடிக்க வேணாம். வண்டி நின்னுட்டு இருந்துச்சு."

"நின்னுதுன்றதுக்கு என்ன சார் அத்தாட்சி?"

"கேவுரு முளைச்சிருக்கு. போய்ப் பாருங்க."

அவர் அறையிலிருந்த மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தார். "கேவுர கூண்டுல ஏத்திச் சாட்சி சொல்லச் சொல்லப் போறாருய்யா சார்!"

மறுநாள் காலையில் அந்த இடத்தை ஜேசிபி வைத்துச் சுரண்டியிருந்தார்கள். கரை முழுவதையும் அல்ல. அந்த ஓரத்தை மட்டும்.

அவர்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. அவரிடம் போவதற்கு முன்பே நான் என் காரில், இரவல் கேமராவோடு மறுபடி போய்ப் படம் எடுத்துவிட்டேன். கரையில் ஒரு பைக்கில் சாய்ந்தபடி இருவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இறங்குவது உசிதமாகப் படவில்லை. அந்த ஒற்றைக்கால் பேண்ட் இன்னும் பீரோவில்தான் இருந்தது. மிச்சமிருந்த காலையும் வெட்டி, உன்னைப் போலவே தைத்து, கேழ்வரகு நிரப்பி எடுத்துப் போயிருந்தேன். கண்ணாடியைப் பாதி இறக்கினேன். என்ஜினை அணைத்தேன். மூச்சை அடக்கினேன். முளை, தார் விளிம்பு, மைல்கல் மூன்றும் ஒரே படத்தில் விழுந்தன. என் தொப்பை ஆடவில்லை அக்கா.

போன வாரம் ஒருவன் ஆப்பிள் பையோடு வீட்டுக்கு வந்தான். மனை போடுபவன். உன் பழைய மாணவனாம்.

"டீச்சர் கைல அடி வாங்கி வளந்தவன் சார் நானு. மனசே ஆறல."

"உக்காருங்க."

"வேணாங்க. நீங்களும் கார எடுத்துகினு ஏரிப் பக்கம் ஜாஸ்தி சுத்தறீங்களாமே? ரோடு சரியில்ல சார். கம்மி பண்ணிக்குங்க."

"ரோடு நல்லாத்தான் இருக்கு. உங்க லாரிதான போவுது."

அவன் சிரித்தபடியே செருப்பை மாட்டிக்கொண்டான். பூவரச இலைக்கும் அரச இலைக்கும் வேறுபாடு சொல்லிக் கொடுத்தாயே, அந்த வகுப்பில் இவனும் இருந்தானா? எந்த வரிசையில்? ஆப்பிள்களைத் தெரு மாட்டுக்குப் போட்டேன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டெதிரே ஒரு வெள்ளைக் கார் வந்து நிற்கிறது. கறுப்புக் கண்ணாடி. கொஞ்ச நேரம் உறுமிக்கொண்டே நிற்கும், போய்விடும். உன் வார்த்தையை வைத்துக்கொண்டு நான் அலட்சியமாக இருந்தேன்: என்ஜின் ஓடுகிறது, கிளம்பப் போகிறவன்.

நாளை வேங்கிக்கால் கலெக்டர் அலுவலகத்தில் விசாரணை. உன் கடைசிப் படத்தையும் என் ஒரே படத்தையும் பெரிதாக அச்சிட்டு வைத்திருக்கிறேன். பிரதிகள் என்னிடம் மட்டும் இல்லை. எவரிடம் என்பதை உனக்குக்கூட இங்கே சொல்லமாட்டேன். நான் போனாலும், போக முடியாமல் போனாலும், அவை அந்த மேசைக்குப் போய்ச் சேரும். நீ ஓட்டிக்கொண்டிருக்கவில்லை, நின்றிருந்தாய். அந்த ஒரு வாக்கியம் எழுத்தில் ஏறும்வரை நான் ஓயப்போவதில்லை. இது வாக்கு.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அந்தக் கார் வந்துவிட்டது. கண்ணாடி பாதி இறங்கியிருக்கிறது. தெருவில் ஏதோ குறைகிறதே என்று பேனாவை நிறுத்திக் கவனித்தேன்.

இன்றைக்கு என்ஜினை அணைத்திருக்கிறார்கள், அக்கா.

கை நடுங்காமல் இதில் கையெழுத்திடும்,
உன் தம்பி